3,912 கல்யாணப் படங்கள், ஒரு நிரல், ஒரு அப்பத்தா

ஆல்பத்துக்கான படத் தேர்வை அனுப்பிய அன்று சாயங்காலமே மணப்பெண்ணின் அம்மாவிடமிருந்து போன் வந்தது. "தம்பி, படமெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா அப்பத்தா ஒண்ணுல கூட இல்லையே? ரெண்டு நாளும் முன்வரிசையிலதானே உக்காந்திருந்தாங்க?"

தேடிப் பார்த்தேன். அப்பத்தாவின் முகம் 61 இடங்களில் பதிவாகியிருந்தது. ஆல்பத்துக்குப் படம் தேர்ந்தெடுக்க நான் எழுதிய கணினி நிரல் அதில் 38 முகங்களுக்குக் 'கோபம்' என்றும், 14 முகங்களுக்குச் 'சோகம்' என்றும், மீதி 9 முகங்களுக்கு 'இயல்பு' என்றும் பேர் வைத்து அத்தனையையும் ஒதுக்கித் தள்ளியிருந்தது. போனில் பின்னாலிருந்து அவர் குரலும் கேட்டது. கணினி கோபம் என்று சொன்ன முகத்துக்கு நிஜமாகவே கோபம் வந்தது அன்றைக்குத்தான்.

இது நடந்து எட்டு மாதம் ஆகிறது. போன வாரம் ஏழாவது கல்யாணத்தின் தேர்வை அனுப்பினோம். யாரும் போன் செய்து யாரையும் காணோம் என்று கேட்கவில்லை. அந்தத் தெம்பில் எழுதுகிறேன்.

பெரியம்மா மகன் திண்டுக்கல் பக்கம் ஸ்டூடியோ வைத்திருக்கிறார். நான் வாரநாட்களில் மென்பொருள் வேலை பார்ப்பவன். முகூர்த்த நாட்களில் அண்ணனுக்கு இரண்டாவது கேமரா. ரிசப்ஷன், முகூர்த்தம் என்று ஒன்றரை நாளில் இரண்டு கேமராவும் சேர்ந்து நாலாயிரம் படம் வரை எடுத்துவிடும். ஆல்பத்துக்கு வேண்டியது 300. முழுசையும் பென் டிரைவில் போட்டு வீட்டாரிடம் கொடுத்தால், தேர்ந்தெடுத்துத் திருப்பித் தர ஆறு மாதம் ஆகும். சில வீடுகளில் முதல் குழந்தையின் காதுகுத்து ஆல்பத்தோடு சேர்த்துத்தான் தருவார்கள். அண்ணன் இரண்டு ராத்திரி கண்விழித்து 600 படமாகக் குறைத்துக் கொடுத்தால் வேலை நடக்கும். அந்த இரண்டு ராத்திரியை மிச்சப்படுத்துவதுதான் திட்டம்.

கையில் இருந்தது எட்டாம் தலைமுறை ஐ5 மடிக்கணினி. நினைவகம் போதாமல் 8 ஜிபி கூடுதலாகப் போட்டேன், 2,100 ரூபாய். 2 டிபி வன்தட்டு 5,800 ரூபாய். மென்பொருள் எல்லாம் இலவசம்: நிரல் எழுதப் பைத்தான், படங்களை ஆராய ஓபன்சிவி, படக் கோப்புகளிலிருந்து தகவலை எடுக்க எக்ஸிஃப்டூல்.

முதல் வேலை, ரா கோப்புகளுக்குள் (கேமரா பதப்படுத்தாமல் சேமிப்பவை) கேமராவே பொதிந்து வைத்திருக்கும் ஜேபெக் படத்தை எக்ஸிஃப்டூலால் உருவி எடுப்பது. ரா கோப்பை முழுசாகத் திறக்கத் தேவையில்லை என்பதால் இது வேகமாக முடிந்துவிடும். எல்லாவற்றையும் 1,600 புள்ளி (பிக்சல்) அகலத்துக்குச் சுருக்கிக்கொண்டேன்.

அடுத்தது முகம் கண்டுபிடிப்பது. ஓபன்சிவியோடு காலங்காலமாக வரும் ஹார் கேஸ்கேட் என்ற முகம் தேடும் முறையில் ஆரம்பித்தேன். அது ரோஜா மாலையில் மூன்று முகம் கண்டுபிடித்தது. வாழைமரத் தாரில் ஒன்று. ஆனால் தலை குனிந்திருந்த மணப்பெண்ணைப் பார்க்கவேயில்லை. இரண்டு நாள் அதன் எண்களைத் திருகிப் பார்த்துவிட்டு யூநெட் (YuNet) என்ற இன்னொரு முகம் தேடும் கருவிக்கு மாறினேன். இது சின்ன நரம்பணி வலை (நியூரல் நெட்வொர்க்), குனிந்த முகமும் பக்கவாட்டு முகமும் பிடிபட்டன. ஆனால் அண்ணன் ஆசையாக எடுத்த நெருக்கப் படங்களில் முகமே இல்லை என்றது. கூட்டத்தில் கடைசி வரிசை ஆள் தெரிகிறார், சட்டம் முழுக்க நிறைந்திருக்கும் பெண் தெரியவில்லை. ஒரு ராத்திரி மண்டையை உடைத்துக்கொண்ட பிறகு அதன் விளக்கக் குறிப்பைப் படித்தேன். ஏறத்தாழ 10 புள்ளியிலிருந்து 300 புள்ளி அகலம் வரையுள்ள முகங்களுக்காகத்தான் அது பழக்கப்பட்டிருக்கிறது. என் நெருக்கப் படங்களில் முகம் 700 புள்ளி. ஒவ்வொரு படத்தையும் 1,600, 480 என்று இரண்டு அளவில் ஓட்டினேன், சரியாகிவிட்டது. குறிப்பை முதலிலேயே படித்திருக்கலாம்.

மூன்றாவது, மங்கலான படங்களைக் கழிப்பது. லாப்லாசியன் மாறுபாடு என்று ஒரு சுலபமான கணக்கு உண்டு. விளிம்புகள் எவ்வளவு கூர்மை என்று எண்ணாகச் சொல்லும். முழுப் படத்துக்கும் போட்டேன். பட்டுச்சேலையின் ஜரிகை இருந்தால் முகம் கலங்கியிருந்தாலும் படம் தேறிவிடுகிறது! முகத்தை மட்டும் வெட்டி அதில் கணக்குப் போட்டால்தான் சரி வரும்.

இனி உணர்ச்சி. ஃபெர் பிளஸ் என்ற முகப்படத் தரவில் பழக்கிய தயார் மாதிரி (மாடல்) ஒன்று கிடைக்கிறது. 64-க்கு 64 புள்ளியில் கறுப்பு வெள்ளை முகத்தைக் கொடுத்தால் இயல்பு, மகிழ்ச்சி, வியப்பு, சோகம், கோபம், அருவருப்பு, பயம், இகழ்ச்சி என்று எட்டுக்கும் மதிப்பெண் தரும். முதல் ஓட்டத்தில் மாப்பிள்ளை, சமையல்காரர், சுவரில் மாட்டியிருந்த தலைவர் படம் எல்லோருக்கும் ஒரே மாதிரி பதில் வந்தது. வழக்கம் போல் புள்ளிகளின் மதிப்பை 0-க்கும் 1-க்கும் நடுவே சுருக்கிக் கொடுத்திருந்தேன். இந்த மாதிரிக்கு 0 முதல் 255 வரை அப்படியே கொடுக்க வேண்டும். அதன் கண்ணுக்கு நான் காட்டியதெல்லாம் இருட்டு. திருத்தியதும் ஓடியது. 3,912 படத்தில் 11,000 சொச்சம் முகம், மொத்தம் 27 நிமிடம்.

தேர்வு விதியை நான் ஒரு டீ குடிக்கும் நேரத்தில் எழுதினேன். மகிழ்ச்சிக்கு மதிப்பெண் கூட்டு. கோபம், சோகம், அருவருப்பு, பயம் வந்தால் தள்ளு. கல்யாணம்தானே, சிரித்த முகம் போதும் என்று நினைத்தேன். வந்த 600 படத்தை அண்ணன் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு அனுப்பிவிட்டார். அப்புறம்தான் அந்தப் போன்.

ஒதுக்கப்பட்ட முகங்களைக் கட்டம் கட்டமாகத் தாளில் அச்செடுத்து, ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தரையில் பரப்பி வைத்து உட்கார்ந்தேன். இந்தக் கதையிலேயே உருப்படியாகச் செலவான நாள் அதுதான். அச்சுச் செலவு 240 ரூபாய்.

நாயனக்காரர் எல்லாப் படத்திலும் 'வியப்பு'. கன்னம் உப்பி, புருவம் தூக்கி, பாவம் அவர் ஊதிக்கொண்டிருக்கிறார். மணையில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை முக்கால் மணி நேரம் 'அருவருப்பு', 'சோகம்'. ஓமப் புகை கண்ணில் ஏறி முகத்தைச் சுருக்கியிருக்கிறார். தாலி ஏறும்போது பெண்ணின் அம்மா அழுத படம், சாயங்காலம் பெண்ணை அனுப்பி வைக்கும்போது அண்ணன் தம்பி எல்லோரும் வாசலில் நின்று கண்ணைத் துடைத்த படங்கள், எல்லாம் 'சோகம்' என்று கழிந்திருந்தன. நம் ஊர் ஆல்பத்தில் கடைசி நாலு ஷீட்டே அந்த அழுகைதான். அதை விட்டுவிட்டு ஆல்பம் கொடுத்தால் வீட்டார் முன்பணத்தைத் திருப்பிக் கேட்பார்கள்.

மணமேடையில் பெண் தலை நிமிரவேயில்லை. கண் கீழே, வாயோரத்தில் அடக்கி வைத்த சிரிப்பு. நம் ஊரில் யாரைக் கேட்டாலும் வெட்கம் என்பார்கள். எட்டு அறைகளில் வெட்கத்துக்கு அறை கிடையாது. 'சோகம்' என்ற அறையில் போய்ச் சேர்ந்துவிட்டது.

தேர்வான பக்கமும் வேடிக்கைதான். 600-ல் 47 படம் பந்தியில் எடுத்தவை. வாயைத் திறந்து, பல் தெரிய, கன்னம் உயர்ந்து அப்பளத்தைக் கடிக்கிறார்கள், 'மகிழ்ச்சி' 0.9. சாப்பிடும் படத்தை ஆல்பத்தில் வைக்கக்கூடாது என்பது இந்தத் தொழிலில் முதல் நாள் பாடம். வாழ்க்கையில் முதல் தடவை அண்ணன் என்னைப் பார்த்து, "நீ எஞ்சினியரிங் படிச்சவன்தானே?" என்று கேட்டார்.

அப்பத்தாவுக்கு மட்டும் தனியாக ஒரு மணி நேரம் கொடுத்தேன். பல் போனதால் வாயோரம் இயல்பாகவே கீழே தொங்குகிறது. நெற்றியில் மூன்று பட்டைத் திருநீறு, நடுவில் குங்குமம். 64 புள்ளியில் சுருக்கிக் கறுப்பு வெள்ளையாக்கினால் அந்தக் குங்குமமும் பட்டைகளின் விளிம்பும் இரண்டு புருவத்துக்கு நடுவே நெரித்த கோடு மாதிரியே தெரிகின்றன. சந்தேகத்தைத் தீர்க்க, நாலு படத்தில் நெற்றியைத் தோல் நிறத்தில் பூசி மறைத்துவிட்டு ஓட்டினேன். 'கோபம்' 0.61-லிருந்து 0.34, 0.58-லிருந்து 0.29 என்று இறங்கியது. பூசாரி, பெரியப்பா, தவில்காரர் என்று திருநீறு பூசிய மற்ற 20 முகத்திலும் பார்த்தேன். 13-ல் இறங்கியது, 7-ல் பெரிதாக மாறவில்லை. அப்பத்தாவுக்கு நெற்றி பாதிக் காரணம். மீதி, அவர் தலைமுறை கேமரா முன்னால் நிற்கும் விதம். போட்டோ என்றால் முதுகை நிமிர்த்தி, வாயை மூடி, நேராகப் பார்க்க வேண்டும். பல்லைக் காட்டுவது மரியாதை இல்லை. எங்கள் வீட்டுச் சுவரில் இருக்கும் தாத்தா படத்தை ஸ்கேன் செய்து கொடுத்துப் பார்த்தேன். 'கோபம்' 0.72.

இந்த மாதிரிக்கு யார் இதையெல்லாம் சொல்லிக்கொடுத்தது என்று தேடினேன். ஃபெர் பிளஸ் என்பது, பழைய படங்களுக்கே இது என்ன உணர்ச்சி என்று 2016-ல் மறுபடி பேர் வைத்த தரவு. படங்கள் அதற்கு முந்தைய ஃபெர் 2013-லிருந்து வந்தவை: மொத்தம் 35,887 முகம், 48-க்கு 48 புள்ளி. கூகுள் படத் தேடலில் உணர்ச்சியைக் குறிக்கும் 184 ஆங்கிலச் சொற்களைப் போட்டு அள்ளியது. 'மகிழ்ச்சி' 8,989 படம், 'அருவருப்பு' வெறும் 547. அந்தச் சொற்களுக்குக் கூகுள் தரும் படங்கள் எப்படி இருக்கும் என்று தெரியும்தானே? கோபம் என்றால் விளம்பர நடிகர் பல்லைக் கடித்துக் கத்துவார். அந்தத் தரவை உருவாக்கியவர்களே மனிதர்களைச் சோதித்துப் பார்த்தபோது சரியாகச் சொன்னது 65 சதவீதத்தை ஒட்டித்தான். ஃபெர் பிளஸ் ஆட்கள் ஒவ்வொரு படத்தையும் பத்துப் பேரிடம் காட்டிப் பெயரிட்டார்கள் என்பது கொஞ்சம் பரவாயில்லை. ஆனால் அந்தப் பத்துப் பேரும் பார்த்தது வெட்டிய முகத்தை. பக்கத்தில் ஓமம் எரிகிறதா, பெண் வண்டி ஏறுகிறாளா என்பது அவர்களுக்கும் தெரியாது.

அதே சோதனையை வீட்டில் செய்து பார்த்தேன். 200 முகங்களை வெட்டி எடுத்து அம்மா, அண்ணன், என் மனைவி மூவரிடமும் தனித்தனியாகக் காட்டினேன். மூவரும் ஒரே பதில் சொன்னது 97 முகங்களுக்கு. பிறகு முழுப் படத்தையும் காட்டினேன். 200-ல் 74 முகத்துக்கு யாராவது ஒருவர் தன் பதிலை மாற்றினார். அண்ணன் அதிகம் மாற்றவில்லை, அவர்தான் அந்தப் படங்களை எடுத்தவர்.

மனைவி அரசுப் பள்ளியில் தமிழாசிரியை. பாதியில் ஒரு தரம் பேனாவைக் கீழே வைத்தாள். "எதுக்குச் சிரிக்கிறான்னு தெரியாம என்னன்னு சொல்றது? கிண்டலா, அறியாமையா?" என்றாள். தொல்காப்பிய மெய்ப்பாட்டியலில் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டு. கணக்கைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது, இங்கேயும் எட்டு அறை! ஆனால் அவள் சுட்டிக்காட்டியது வேறு. அங்கே ஒவ்வொன்றுக்கும் நான்கு நிலைக்களன், அதாவது அது பிறக்கும் காரணம், சொல்லப்படுகிறது. நகைக்கு எள்ளல், இளமை, பேதைமை, மடன். உதடு எத்தனை விரற்கடை விரிந்தது என்ற பேச்சே அந்த நான்கில் இல்லை, எதனால் வந்தது என்பதுதான் கணக்கு. என் நிரலிடம் அந்த 'எதனால்' சுத்தமாகக் கிடையாது.

நாக்கைக் கடித்துக்கொண்ட அத்தையின் படம் ஒன்று. அட்சதைத் தட்டைத் தவறவிட்ட நொடியில் அண்ணன் பிடித்தது. நிரல் 'மகிழ்ச்சி'க்கும் 'அருவருப்பு'க்கும் நடுவே தடுமாறியிருந்தது. தப்புப் பண்ணிவிட்டோம் என்றால் நாக்கைக் கடிப்பது நமக்குக் குழந்தைக்குக்கூடத் தெரியும். இதை யாராவது ஆராய்ந்திருப்பார்களா என்று பார்த்தால், ஜோனதன் ஹைட், டேக்கர் கெல்ட்னர் என்ற உளவியலாளர்கள் இருவரும் 1999-ல் வெளியிட்ட ஆய்வில் இதே நாக்குக்கடிப் படம் இருக்கிறது. அமெரிக்காவிலும் ஒடிசாவிலும் காட்டியிருக்கிறார்கள். ஒடிசாக்காரர்களுக்கு அது கூச்சம் என்று புரிந்தது, அமெரிக்கர்களுக்குப் புரியவில்லை. அத்தையின் படத்தை அந்தக் குழுவினருக்கு அனுப்பி வைக்கலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அத்தை கொன்றுவிடுவார்.

சரி, நம் ஊர் முகங்களை வைத்துப் பழக்கினால் தீர்ந்தது என்று அடுத்த தப்பில் இறங்கினேன். மூன்று கல்யாணப் படங்களிலிருந்து 2,000 முகம் எடுத்தேன். முழுப் படத்தைப் பார்த்து நானும் மனைவியும் பெயரிட்டோம். 'வெட்கம்', 'புகை', 'ஊதுகிறார்', 'சாப்பிடுகிறார்' என்று புது அறைகளும் சேர்த்தோம். 19 ராத்திரி. கூகுள் கோலாப் என்ற இணையச் சேவையில் இலவசமாகக் கிடைக்கும் கணினியில் ஏற்றி, மாதிரியின் கடைசி அடுக்குகளை மட்டும் மறுபடி பழக்கினேன். தனியே எடுத்து வைத்திருந்த 400 முகத்தில் 41 சதவீதமாக இருந்த பொருத்தம் 68-க்கு ஏறியது. அன்றைக்கு அண்ணன் பரோட்டா வாங்கிக்கொடுத்தார்.

நாலாவது கல்யாணம் சர்ச்சில். பொருத்தம் 44-க்கு விழுந்தது. அங்கே திருநீறு இல்லை, ஓமம் இல்லை, வெள்ளை வலைக்குப் பின்னால் பெண்ணின் முகம். நிறைய பேருக்கு மறுபடியும் 'கோபம்'. மறைத்துப் பார்க்கும் சோதனையை இப்போது தலைகீழாகச் செய்தேன்: கோயர் பாடகர் ஒருவரின் நெற்றியில் மூன்று வெள்ளைக் கோடு வரைந்தேன். உடனே 'இயல்பு' என்றது. நான் சொல்லிக்கொடுத்ததாக நினைத்தது முகபாவத்தை. அது கற்றுக்கொண்டது, நெற்றியில் பட்டை இருந்தால் கோபமில்லை என்பதை. தனியே வைத்திருந்த அந்த 400 முகமும் அதே மூன்று கல்யாணத்து ஆட்கள்தானே, 68 எப்படி வந்தது என்று அப்போதுதான் உறைத்தது. இனி எதைப் பழக்கினாலும் சோதனைக்கு ஒரு கல்யாணத்தை முழுசாக வெளியே வைப்பேன்.

இன்னொரு உறுத்தலும் அந்த வாரத்தில்தான் வந்தது. இரண்டாயிரம் முகத்தை யாரையும் கேட்காமல் வெளிச் சேவையில் ஏற்றியிருக்கிறேன். கல்யாணத்துக்கு மொய் எழுத வந்தவர்கள், பாவம். எல்லாவற்றையும் அழித்தேன். இப்போது எல்லா வேலையும் வீட்டு மடிக்கணினியிலேயே நடக்கிறது. படங்களைக் கணினி வைத்துப் பிரிப்போம், வெளியே அனுப்ப மாட்டோம் என்று ஆர்டர் படிவத்தில் இரண்டு வரி சேர்த்து, கையெழுத்தும் வாங்கிக்கொள்கிறோம்.

இதற்கு நடுவில் ஒரு மண்டபக்காரர் அண்ணனிடம் வந்து, பரிமாறுகிற பையன்கள் சிரித்த முகமாக இருக்கிறார்களா என்று உங்கள் கேமரா சொல்லுமா, மாசம் பணம் தருகிறேன் என்றார். முடியாது என்றேன். மைக்ரோசாஃப்ட் தன் முக ஆய்வுச் சேவையில் இருந்த உணர்ச்சி ஊகத்தை 2022 ஜூனில் கைவிடுவதாக அறிவித்துவிட்டது. வேலையிடத்திலும் பள்ளிக்கூடத்திலும் முகத்தை வைத்து உணர்ச்சியை ஊகிப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2025 பிப்ரவரி 2 முதல் தடை செய்திருக்கிறது, மருத்துவத்துக்கும் பாதுகாப்புக்கும் மட்டும் விலக்கு. அதெல்லாம் அவருக்கு வேண்டாத விஷயம். அதனால் தாத்தா படத்தைக் காட்டி, "இவர் பரிமாறினா சம்பளம் புடிச்சிருவீங்க" என்றேன். சிரித்துக்கொண்டே போய்விட்டார். திரும்பவும் வருவார்.

வேலை செய்தது கடைசியில் எது என்றால், உணர்ச்சிக்குப் பேர் வைப்பதையே விட்டது. உளவியலாளர் லிசா ஃபெல்ட்மன் பாரெட் குழு, முந்தைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து 2019-ல் வெளியிட்ட நீண்ட கட்டுரையில், கோபத்தில் இருப்பவர்கள் முகத்தைச் சுளிப்பது சராசரியாக 30 சதவீதத்துக்கும் குறைவான நேரம்தான் என்று படித்தேன். எங்கள் அப்பாவை நினைத்துக்கொண்டேன். உச்சக் கோபத்தில் அவர் முகம் பேப்பர் படிக்கும் முகம். அவருக்குக் கோபமா என்று அம்மாவுக்கு மட்டும் தெரியும், ஏனென்றால் அம்மாவுக்கு அவருடைய சாதா முகம் அத்துப்படி. எனக்கு வேண்டியதும் அதுதான்: ஒவ்வொருவருடைய சாதா முகம்.

கூகுளின் மீடியாபைப் மென்பொருளில் இருக்கும் முகக் கருவி ஒரு முகத்துக்கு 52 எண் தரும். இடது வாயோரம் எவ்வளவு உயர்ந்திருக்கிறது, வலது புருவம் எவ்வளவு இறங்கியிருக்கிறது, கண் எவ்வளவு மூடியிருக்கிறது என்று ஒவ்வொன்றும் 0-க்கும் 1-க்கும் நடுவே. உணர்ச்சியின் பெயரே இல்லை, எனக்கு அது நிம்மதி. யார் யார் என்று பிரிக்க ஓபன்சிவியின் எஸ்ஃபேஸ்: முகத்தை 128 எண்ணாக்கி ஒப்பிட்டுப் பார்க்கும், ஒற்றுமை எவ்வளவைத் தாண்டினால் ஒரே ஆள் என்பதற்கு அதன் குறிப்பில் சொல்லியிருக்கும் வரம்பு 0.363. அதை அப்படியே வைத்தால் மாப்பிள்ளையும் அவர் தம்பியும் ஒரே ஆளாகிவிட்டார்கள். 0.45-க்கு ஏற்றினேன். இப்போது ரிசப்ஷன் மேக்கப்பில் இருந்த பெண் ஒருத்தி, முகூர்த்தத்துக்குக் குளித்துவிட்டு வந்த பெண் இன்னொருத்தி. மேக்கப் ஆர்ட்டிஸ்டுக்கு இதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. இந்த மாதிரி நாலைந்து பேரைக் கையால் சேர்த்துவிடுகிறேன், கல்யாணத்துக்குக் கால் மணி நேரம்.

ஒருவருடைய எல்லா முகங்களிலிருந்தும் 52 எண்ணுக்கும் இடைநிலை மதிப்பை (வரிசைப்படுத்தினால் நடுவில் வருவதை) எடுத்தால் அதுதான் அவருடைய சாதா முகம். அதிலிருந்து எந்தப் படம் எவ்வளவு விலகியிருக்கிறது என்பது மட்டும் கணக்கு. சிரிப்பா அழுகையா என்று நிரல் கேட்காது. முகம் மாறியிருக்கிறதா, அந்தப் படம் மேலே. 12 படத்துக்கு மேல் வரும் ஒவ்வொருவருக்கும் குறைந்தது மூன்று இடம் கட்டாயம். எண்ணிக்கை 30-ஐத் தாண்டினால் ஐந்து.

கண் மூடிய படங்களைக் கழிக்கும் விதி மட்டும் மறுபடி காலை வாரியது. சாமி கும்பிடும்போது எல்லோரும் கண்ணை மூடுவார்கள், அட்சதை மேலே விழும்போது மணமக்கள் இருவரும் மூடுவார்கள். அதனால் நேரக்கோடு வேண்டியிருந்தது. இரண்டு கேமராவின் கடிகாரமும் 4 நிமிடம் 20 விநாடி வித்தியாசத்தில் ஓடியிருந்தன. கெட்டிமேளம் கொட்டும்போது தாலி முடிச்சு விழும் படம் இரண்டிலும் இருக்கும் அல்லவா, அதை வைத்துச் சரிக்கட்டினேன். தாலி கட்டுவதற்கு முன்னும் பின்னும் பத்து நிமிடம் கண் மூடலாம், தவறில்லை. பந்தி நடந்த நேரத்தை அண்ணன் சொல்வார், அந்த நேரத்து வாய் அசைவுக்கு மதிப்பெண் கிடையாது. ஓமம் நடக்கும் நேரத்தில் கண் சுருக்கத்துக்கும் கிடையாது. ஆக, மெய்ப்பாட்டியல் சொன்ன 'எதனால்' என்பதை ஆறு வரி நேர அட்டவணையாக நிரலுக்கு ஊட்டியிருக்கிறேன். அட்டவணை எழுதுவது இன்னமும் மனிதர்தான்.

தேர்வானவற்றுக்கு நட்சத்திரம் போட்டு, படத்தோடு சேரும் எக்ஸ்எம்பி குறிப்புக் கோப்பாக எழுதிவிடுகிறது, அண்ணன் லைட்ரூம் என்ற படத் திருத்த மென்பொருளில் திறந்தால் வரிசையாக இருக்கும். ஒதுக்கியவற்றை நபர்வாரியாக ஒரே தாளில் கட்டம் போட்டும் தருகிறது. அதை முதல் நாளிலேயே செய்திருந்தால் அப்பத்தாவின் 61 முகமும் ஒரே பக்கத்தில் கண்ணில் அறைந்திருக்கும். அண்ணனின் இரண்டு ராத்திரி இப்போது ஒன்றரை மணி நேரம். என்னுடைய எட்டு மாதத்தைக் கணக்கில் எடுக்காதவரைக்கும் லாபம்தான்.

புது நிரலை முதல் கல்யாணத்தின் மேல் மறுபடி ஓட்டியபோது, அப்பத்தாவின் வரிசையில் முதலிடத்தில் வந்தது நாலு படத் தொடர் ஒன்று. கொள்ளுப்பேரன் அவர் மடியில் ஏறிக் காதில் பூ வைக்கப் பார்க்கிறான். அவருடைய சாதா முகத்தில் வாயோர எண் 0.07, இந்தப் படத்தில் 0.19. வாயைப் பார்த்தால் தெரியவே தெரியாது, கண்ணோரம் மட்டும் சுருங்கியிருக்கிறது. முகபாவத்தைப் படிக்கக் கிழக்காசியர்கள் கண்ணையே அதிகம் பார்க்கிறார்கள், மேற்கத்தியர்கள் முகம் முழுக்கப் பார்க்கிறார்கள் என்று கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் ரேச்சல் ஜாக் குழு 2009-ல் கண்டது. எங்கள் அம்மாவும் இந்தப் படத்தை நீட்டியதும் கையால் வாயை மறைத்துவிட்டுத்தான் பார்த்தார். "கிழவி சிரிக்குதுடா" என்றார். பழைய மாதிரி அந்த முகத்துக்குக் கொடுத்தது 'கோபம்' 0.55.

ஆல்பம் அச்சுக்குப் போகவில்லை என்பதால் நஷ்டம் பெரிதாக இல்லை. கூடுதலாக இரண்டு ஷீட் எங்கள் செலவில் சேர்த்தோம், ஷீட் 180 ரூபாய். ஒன்றில் அழுகை, ஒன்றில் அப்பத்தா. கொண்டுபோய்க் கொடுத்தபோது அவர் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். என்னைப் பார்த்து, "நல்ல சேலையை இழுத்து வுட்டுட்டான் பாரு அந்தப் பய" என்றார். அதைச் சொன்னபோது அவர் முகம் எப்படி இருந்தது என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்கு அது கோபமாகத்தான் தெரிந்தது. அவர் மருமகள் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்.

அடுத்த முறைக்கு எழுதி வைத்திருப்பவை: மண்டபத்துக்குள் நுழைந்ததும் இரண்டு கேமராவையும் ஒரே போன் கடிகாரத்தைப் படம் பிடிக்க வைக்க வேண்டும். பெண் வீடு, மாப்பிள்ளை வீடு இரண்டிலும் விட்டுப்போகக் கூடாத பெரியவர்கள் யார் என்று கேட்டு, ஆளுக்கு ஒரு படம் முன்னாடியே வாங்க வேண்டும். தேர்வு விதியை டீ நேரத்தில் எழுதக்கூடாது.

தீராதது ஒன்று பாக்கி. மீடியாபைப் தரும் 52 எண்ணில் நாக்குக்கு எண் கிடையாது. அத்தைமார்கள் நாக்கைக் கடிப்பதை நிரல் இன்னும் பார்ப்பதில்லை. அதற்கு மட்டும் 'நாக்கு' என்று ஒரு கோப்புறை போட்டு, அண்ணன் படம் எடுத்த அன்றே கையால் எடுத்து வைத்துவிடுகிறார். ஏழு கல்யாணத்தில் 23 படம் சேர்ந்திருக்கிறது.